கடிகாரத்தை எழுதினீர்கள், கோப்பு வடிவத்தையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இந்தியாவின் வழிகாட்டல் அமைப்பான நாவிக் செயற்கைக்கோள்களின் அணுக்கடிகாரங்கள் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். முதல் செயற்கைக்கோளின் ரூபிடியம் கடிகாரங்கள் மூன்றும் செயலிழந்ததையும், 2023 மே மாதம் என்விஎஸ்-01 செயற்கைக்கோள் உள்நாட்டுக் கடிகாரத்தைச் சுமந்து சென்றதையும் நன்றாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தக் கடிகாரங்களை அளந்து கிடைக்கும் எண்களை எந்தக் கோப்பு வடிவத்தில் எழுதி வைக்கிறார்கள் என்பதற்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம்.

தொலைவிலுள்ள இரண்டு ஆய்வகங்கள் ஒரே செயற்கைக்கோளை ஒரே நேரத்தில் பார்த்து, அதன் கடிகாரத்தைத் தங்கள் கடிகாரத்தோடு ஒப்பிட்டு, கிடைத்த எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிழை அடிபட்டுப் போகும். இரு ஆய்வகக் கடிகாரங்களின் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். இதற்கு இருவரும் ஒரே அட்டவணைப்படி அளக்க வேண்டும். சிஜிஜிடிடிஎஸ் என்ற பொதுக் கோப்பு வடிவம் அதை வகுத்திருக்கிறது: ஒவ்வொரு பதிவும் 13 நிமிடம், 16 நிமிடத்துக்கு ஒன்று, தினமும் முந்தைய நாளைவிட 4 நிமிடம் முன்னதாக. உலக நேரமான யுடிசியைக் கணிக்கும் பாரிஸ் அருகிலுள்ள சர்வதேச எடையளவு நிலையத்துக்குப் பல நாட்டு ஆய்வகங்கள் அனுப்புவது இந்த வடிவக் கோப்புகளைத்தான்.

அந்தக் கோப்பின் தலைப்பகுதியை ஒருமுறை பார்த்தால் அதன் அருமை புரியும். செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ரிசீவருக்குள் ஏற்படும் தாமதம், ஆன்டெனா கேபிளின் தாமதம், ஆய்வகக் கடிகாரத்திலிருந்து வரும் இணைப்பின் தாமதம் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி உண்டு. கேபிளில் மீட்டருக்குச் சுமார் 5 நானோவினாடி தாமதம். 30 மீட்டர் கேபிளை யாரும் குறித்து வைக்காவிட்டால் 150 நானோவினாடி கணக்கில் வராது. அதற்குள் ஒளி 45 மீட்டர் போய்விடும்! மொட்டைமாடியில் ஆன்டெனாவை மாட்டியவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த நீளத்தை யாரிடம் கேட்பது?

நான் பணிபுரியும் துறையில் இந்தச் சிக்கலை நேரில் பார்க்கிறேன். பழைய ரிசீவர் ஒன்றின் பதிவுகள் தயாரிப்பாளரின் மென்பொருள் இல்லாமல் திறக்காது. அந்த மென்பொருளோ இன்றைய கணினிகளில் ஓடாது. எண்கள் இருந்தும் மாணவர்களுக்குப் பயனில்லை. 1989இல் ஐரோப்பாவில் நான்கு தயாரிப்பாளர்களின் அறுபதுக்கும் மேற்பட்ட ஜிபிஎஸ் ரிசீவர்களை ஒரே அளவீட்டுப் பணியில் இறக்கியபோது இதே தலைவலி வந்தது. அதற்குத் தீர்வாக சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்ததுதான் ரைனெக்ஸ் என்ற பொதுக் கோப்பு வடிவம். எந்த நேரமுறைப்படி எழுதப்பட்டது என்பதையும் அது கோப்பிலேயே சொல்லிவிடும். சீனாவின் வழிகாட்டல் செயற்கைக்கோள் அமைப்பான பெய்டோவின் நேரம் ஜிபிஎஸ் நேரத்தைவிட 14 வினாடி பின்னால் ஓடுகிறது என்பதால் அந்த ஒரு வரி மிக முக்கியம்.

இந்திய நேரத்தை டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பெங்களூரு உள்ளிட்ட ஐந்து நகரங்களின் சட்டமுறை எடையளவு ஆய்வகங்களுக்குக் கொண்டு செல்லும் பணி நடக்கிறது. அங்கு வாங்கும் ஒவ்வொரு கருவியும் பொது வடிவத்தில் கோப்பு தர வேண்டும் என்பதை டெண்டரிலேயே எழுத வேண்டும். தாமத வரிகள் காலியாக இருக்கும் கோப்பை ஏற்கக் கூடாது. அன்றாடக் கோப்புகளைக் கல்லூரிகளும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட வேண்டும். உரியவர்கள் பார்வைக்குப் போகும்படி இதை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மின்னணுவியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்.