2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

மருத்துவ முகாமும் தீபாவளி உபசரிப்பும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இவ்வாண்டு முழுக்க ஒரே வேலை: மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்துக் (1942–45) குடும்பப் படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, திருப்பிக் கொடுத்தது.

முதலில் பலர் கையை விரித்தார்கள். “சயாமுக்குப் போனவர்களை யார் படம் பிடித்தது?” என்றார்கள். நியாயம்தான். நம்மவரையும் போர்க்கைதிகளையும் வைத்து ஜப்பான்காரன் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே போட்டு, 1943 அக்டோபரில் முடித்த அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், போர்க்கைதிகள் சிலர் ஒளித்து வைத்திருந்த கேமராவில் எடுத்த படங்கள் உண்டு. பாதை ஓடிய தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகளும் உண்டு. தோட்டத்திலிருந்து போன நம்மவர் எங்காவது ஒரு படத்தில் தென்பட்டாலும் பெயர் இருக்காது. ஆகவே, போவதற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படத்தையும் சைக்கிளோடு நின்ற படத்தையும் போர்க்காலப் படமாகவே பதிந்தோம். செயலவையில் இருவர் ஒப்பவில்லை. என் கருத்தில் மாற்றமில்லை.

வெள்ளைக்காரனை எதிர்த்த நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்த ஓர் அம்மாவின் படம் முகமளவுக்குத்தான் வந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பயந்து, தொப்பியையும் சட்டையையும் கத்தரித்து அடுப்பில் போட்டுவிட்டாராம். வெட்டுப்பட்டதைக் கணினியில் நிரப்பித் தரும்படி மகன் கேட்டார். வீட்டு நகலில் செய்துகொள்ளட்டும். சங்கக் கோப்பில் கத்தரி பட்டபடியேதான் இருக்கும்.

அதே இயக்கத்தின் சிறுவர் பிரிவான பாலர் சேனையில் இருந்த 92 வயதுப் பாட்டி, “பேஸ்புக்ல போடாதீங்க, படிக்கிற பிள்ளைங்க வந்து கேட்டா காட்டுங்க” என்றார். அதன்பிறகு ஒப்புதல் படிவத்தில் பொதுப்பார்வைக்கும் ஆய்வுக்கும் தனித்தனிக் கையெழுத்து வாங்குகிறோம்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், ஃபிரேமோடு கொண்டு வாருங்கள். கண்ணாடிக்கு மேலாகவே எடுத்துக்கொள்வோம். லேமினேட் செய்யவே வேண்டாம். பின்பக்கம் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயின்ட் பேனா அழுத்தி முன்பக்கம் தடம் விழுந்த படங்கள் ஏராளம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்கிறோம். ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

இப்போது எல்லாக் கோப்புகளும் ஒரே ஹார்டு டிஸ்க்கில், ஒரே அலமாரியில் உள்ளன. இரண்டாவது பிரதி எடுத்து வேறோர் ஊரில் வைக்க, வரும் ஆண்டு வரவுசெலவில் நிதி ஒதுக்குமாறு இப்பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்