பின்னணிச் சத்தம் என்று எழுதியிருந்தாயே, மகள்

வெள்ளவத்தை,
மார்கழி 4

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மான்செஸ்டரில் இந்த மாதம் முழுக்க நத்தார் ஆராதனை, கலியாணம், கம்பனி விருந்து என்று ஹார்ப் என்ற அந்தப் பெரிய யாழைத் தூக்கிக்கொண்டு அலைவதாகவும், யாரும் காதுகொடுத்துக் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தாய். "நான் வாசிப்பது வெறும் பின்னணிச் சத்தம். தைக்குப் பிறகு இதையெல்லாம் விட்டுவிட்டு மேடைக் கச்சேரி மட்டும் செய்யப் போகிறேன்" என்று முடித்திருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

மேடைக் கச்சேரி தாராளமாகச் செய். ஆனால் மற்றதை விடாதே. அது தாழ்ந்த வேலை என்று உனக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் இத்தனை வருடமும் கொழும்பில் அதைத்தான் செய்து வருகிறேன், அது தாழ்ந்த வேலை இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சண்டே ஸ்கூலில் படித்த கதைதான். சவுல் ராஜாவுக்கு மனக்கலக்கம் வரும்போதெல்லாம் தாவீதைக் கூப்பிடுவார்கள். அவன் சுரமண்டலத்தை எடுத்து வாசிப்பான், ராஜாவுக்கு ஆறுதல் கிடைக்கும். 1 சாமுவேல் 16இல் இருக்கிறது, எடுத்துப் பார். அங்கே மேடையும் இல்லை, கைதட்டலும் இல்லை. சவுல் அந்த வாசிப்பை ரசித்தான் என்றுகூட எழுதியிருக்கவில்லை. சுகமடைந்தான் என்றுதான் இருக்கிறது. நம்முடைய தொழிலுக்கு எனக்கு அந்தச் சாட்சியே போதும்.

உனக்கு வேதாகமம் போதாதென்றால், நீ பரீட்சைக்கு வாசித்த ஹாண்டலின் பி பிளாட் ஹார்ப் கொன்சேர்ட்டோவை எடுத்துக்கொள். 1736இல் லண்டனில் அது முதன்முதலாகக் கேட்டது தனிக் கச்சேரியில் இல்லை. ஒரு நீண்ட பாட்டுப் படைப்புக்கு நடுவே, கதையில் வரும் இசைஞன் யாழ் மீட்டும் இடத்துக்காக அதை வைத்தார்கள். இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1942இல், யுத்தக் காலத்தில், அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் திரும்பும்போது சிறுவர் குரல்களுக்கும் ஒரேயொரு ஹார்ப்புக்கும் கரோல் எழுதினார். நடுவில் ஹார்ப் தனியாக வாசிக்கும் பகுதி வருமே, அதை எந்த மேடையிலும் வாசிக்க நீ ஏங்குவாய். அதுவும் நத்தார் இசைதான், மகள்.

இனிக் கலியாண விஷயத்துக்கு வருகிறேன். பகெல்பெல்லின் கெனன் என்ற அந்தப் பழைய இசை உனக்குப் புளித்துப்போய்விட்டது என்கிறாய். சரி, புளிக்கட்டும். ஆனால் கலியாணங்களில் அது ஏன் நிலைத்து நிற்கிறது என்று யோசித்துப் பார். அடியில் எட்டே எட்டுச் சுரம், அதுவே 28 தரம் சுற்றிச் சுற்றி வருகிறது. எந்தச் சுற்று முடிவிலும் நீ இறங்கிவிடலாம், தேவையென்றால் இன்னும் நாலு சுற்று ஓட்டலாம். பெண் வாசலில் காரை விட்டு இறங்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, அப்பாவின் கையைப் பிடித்து எப்போது நடக்கத் தொடங்குவாள் என்று யாருக்கும் தெரியாது. பூ தூவும் பிள்ளை நடுவழியில் அழுதுகொண்டு நின்றுவிடும். வீடியோக்காரர் "மிஸ், இன்னொரு தரம் நடங்கோ" என்பார். இத்தனைக்கும் நடுவே, பெண் பீடத்தடிக்கு வந்து நிற்கும் அந்த நேரத்தில் இசை தானாக முடிந்ததுபோல இருக்க வேண்டும், நீ நிறுத்தியதுபோல இருக்கக் கூடாது. இதற்குக் கண் பெண்ணின் காலில் இருக்க வேண்டும், கை நரம்பில் இருக்க வேண்டும், காது போதகரிடம் இருக்க வேண்டும். உன்னுடைய எந்த மேடை இதைக் கேட்கிறது?

தாலி கட்டும் நேரம் நான் வாசிப்பதேயில்லை. பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்காது, "இந்த நேரத்தில்தானே பாட்டு வேணும்" என்பார்கள். நான் மாட்டேன் என்றுவிடுவேன். தாலிக்கொடியின் திருகுச் சுரையைப் பூட்டத் தெரியாமல் மாப்பிள்ளையின் விரல் நடுங்கும், அவருடைய அக்கா பின்னால் நின்று மெதுவாகச் சொல்லிக்கொடுப்பா, பெண் குனிந்தபடி சிரிப்பை அடக்குவாள். அந்தச் சின்னச் சத்தங்கள் அவர்களுடையவை. அவற்றை மூட எனக்கு உரிமையில்லை. சுரை பூட்டி, எல்லாரும் மூச்சு விட்ட பிறகுதான் சில நரம்புகளைச் சேர்த்து மீட்டும் ஒரு கோர்ட், அதுவும் மேல் ஒக்டேவில், மேல் ஸ்தாயியில். அப்புறம் பதிவேட்டில் கையெழுத்து வைக்கும் நேரம் முழுக்க உன்னுடையது. படம் எடுத்து முடியும்வரை அது இழுபடும், வேண்டிய மட்டும் வாசி.

ஹோட்டல் வரவேற்பென்றால் வெளிச்சத்தை முதலில் பார். இங்கே மேடைக்கு நீல லைட், சிவப்பு லைட் எல்லாம் போடுகிறார்கள். சி நரம்பின் சிவப்பும் எஃப் நரம்பின் கறுப்பும் அந்த வெளிச்சத்தில் ஒரே இருட்டாகிவிடும், 47 நரம்பில் எது எதுவென்று தேட வேண்டிவரும். சின்ன வெள்ளை லாம்ப் ஒன்றை எப்போதும் பையில் வைத்திரு. கடற்கரையில் கலியாணம் வைக்கிறார்கள் என்றால் இரண்டு தரம் யோசித்துத்தான் நான் ஒப்புக்கொள்வேன். வெயில் பலகைக்கு ஆகாது, உப்புக்காற்று கீழ்க் கம்பிகளில் துருவை ஏற்றும், பலமான காற்றில் நரம்புகள் தாமாகவே முனகத் தொடங்கும். கல்கிசைப் பக்கம் கேட்டு வருபவர்களிடம் கூடாரமும் நிழலும் இருந்தால்தான் வருவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

நத்தார் ஆராதனையைப் பற்றித்தான் உனக்கு அதிகம் எழுத வேண்டும். கோயில் நிறையச் சனம் எழுந்து நின்று பாடினால் ஹார்ப் கேட்காது. அந்த வேலை ஓகன் வாத்தியத்துடையது, அதோடு போட்டிக்குப் போகாதே. நமக்குரிய இடங்கள் வேறு. வேதாகமச் சங்கீத வாசகத்துக்குப் பிறகு ஒரு இடம், காணிக்கை எடுக்கும்போது ஒரு இடம், நற்கருணைக்குச் சனம் வரிசையில் போகும்போது ஒரு நீண்ட இடம். கொட்டாஞ்சேனைப் புனித லூசியா பேராலயத்தின் கோபுரக் கூரைக்குக் கீழே ஒரு கோர்ட் போட்டுவிட்டு உடனே அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும். அது மேலே போய்த் திரும்பி வரும்வரை பொறுத்திரு. உங்கள் ஊர்ப் பழைய கல் ஆலயங்களிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மும்மொழிக் கரோலில் ஒரு சரணம் தமிழில், அடுத்தது சிங்களத்தில், அதற்கடுத்தது ஆங்கிலத்தில் வரும். ஒரே மெட்டுத்தான், ஆனால் மூன்று கூட்டமும் மூன்று இடத்தில் மூச்செடுக்கும். தாளை விட்டுவிட்டு முன்வரிசைக் கிழவிகளின் தோள்களைப் பார்த்து வாசித்தால் தப்பாது.

2019 நத்தார் உனக்கு நினைவிருக்கும். அந்த வருடம் ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த முதல் நத்தார். எல்லாக் கோயில் வாசலிலும் ஆமிக்காரர்கள் நின்றார்கள். நாங்கள் போன இடத்தில் ஒரு சின்னப் பையன், உன் வயதுதான் இருக்கும், ஹார்ப்பின் உறையைக் கழற்றச் சொன்னான். பெட்டியின் பின்பக்கத்து ஓட்டைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்த்தான். அவனுடைய கடமை அது, எனக்குக் கோபமில்லை. முடிந்ததும் இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். பதில் சொல்லாமல் அவன் முன்னாலேயே நரம்புகள் எல்லாவற்றின் மேலும் விரலை ஓட்டி ஒரு கிளிசாண்டோ இழுத்துக் காட்டினேன். வரிசையில் பயந்து பயந்து நின்ற சனம் அத்தனையும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பையனின் முகம் மலர்ந்தது, பின்னால் நின்ற ஒரு ஆச்சி என் கையைப் பிடித்து முத்தமிட்டா. உள்ளே அன்று யாரும் பெரிதாகப் பாடவில்லை, பாட முடியவில்லை. நற்கருணை நேரத்தில் நான் வாசித்ததை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்கள் அழுதார்கள். அதைப் பின்னணிச் சத்தம் என்று நீ சொல்வாயா?

2022 மார்கழியிலும் அப்படித்தான். கரண்ட் வெட்டுக் காலம். கரோல் ஆராதனை ஒன்றில் சரணத்தின் நடுவே லைட் போனது, மின் ஓகனும் வாயை மூடிக்கொண்டது. பாடகர் குழு தடுமாறியது. ஹார்ப்புக்கு என்ன கரண்ட்? அதே இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன். ஓகன் இல்லாததால் சனம் குரலைத் தாழ்த்தி, ஹார்ப் கேட்கும் அளவுக்குப் பாடியது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு கோயில் முழுக்கச் சனம் ஒரு நரம்புக்காகத் தன் குரலைக் குறைப்பதை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும், அம்மா என்பதால் சொல்கிறேன். இங்கே புழுக்கத்திலிருந்து ஏசி மண்டபத்துக்குள் போனால் சுருதி ஓடும், அங்கே குளிரிலிருந்து ஹீற்றர் போட்ட மண்டபத்துக்குள் போனாலும் ஓடும். ஒரு மணித்தியாலம் முன்னதாகப் போய் ஒரு தரம் சுருதி சேர், சனம் வந்து நிறைந்த பிறகு இன்னொரு தரம் பார். நிகழ்ச்சியன்று காலையில் புது நரம்பு பூட்டாதே, அது இழுபட்டுக்கொண்டே இருக்கும். வாசிக்கும் நாளில் பாத்திரம் கழுவாதே. சுடுதண்ணீரில் ஊறினால் விரலின் காய்ப்பு இளகிக் கொப்புளம் போடும். இங்கே நத்தார் கேக்குக்கு முந்திரிகை வெட்டுவது முதல் பாத்திரம் வரை எல்லாம் அப்பாவின் பொறுப்பு, அதனால்தான் நான் 24ஆம் திகதி இரவு நிம்மதியாக வாசிக்கிறேன்.

காசு விஷயத்தில் வெட்கப்படாதே. கலியாணத்துக்கும் ஹோட்டலுக்கும் சரியான கூலி கேள், பாதியை முதலில் வாங்கு, 36 கிலோவுக்கு மேல் பாரமுள்ள சாமானைப் படியில் யார் தூக்குவது என்பதையும் எழுத்தில் வாங்கு. கம்பனி விருந்துகளில் மனம் ஒட்டாவிட்டால் அவற்றைக் குறைத்துக்கொள், அதில் எனக்கும் பெரிய பிடிப்பில்லை. ஆனால் அங்கேயும் ஒரு பிள்ளை வந்து நரம்பைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினால் தடுக்காதே. பம்பலப்பிட்டியில் ஒரு பறங்கி மாமியின் வீட்டு முன்னறையில் எனக்கும் அப்படித்தான் இது தொடங்கியது.

28ஆம் திகதிக் கலியாணத்தை வேண்டாமென்று சொல்லலாமா என்று கேட்டிருந்தாய். சொல்லாதே. பெண்ணின் அம்மம்மாவுக்குப் பிடித்த பாட்டு எது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள். தமிழ்ப் பாட்டென்றால் எனக்கு மெட்டை அனுப்பு, பெடல் மாற்றம் அதிகம் வராத மாதிரி நான் எழுதித் தருகிறேன்.

தையில் வரும்போது மூன்றாம் ஒக்டேவுக்குக் குடல் நரம்பு வாங்கி வா. ஏ நரம்பும் டி நரம்பும் இரண்டிரண்டாகப் போடு, இந்த மழைக்கு அவைதான் முதலில் அறுகின்றன. கைப்பையிலேயே கொண்டு வா, பெரிய பெட்டியில் போடாதே. அப்பா விமான நிலையத்துக்கு வான் வண்டியோடு வருவார்.

அன்புடன்,
அம்மா