அப்பா யோசித்துவிட்டார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளைஞர்களை எதிர்காலத்துக்குத் தயார்ப்படுத்துவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிரலாக்கம், செயற்கை நுண்ணறிவு, மொழித்திறன் என்று கற்றுக்கொடுக்க வேண்டியவற்றின் பட்டியல் நீளமாக இருந்தது. சரிதான். ஆனால் ஒன்றைத் தானே தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவளுக்கு அது உறுத்தியது.

பாடப் பிரிவுக்கான விருப்பப் படிவங்களை வாங்கி அடுக்குவதும் என் வேலைகளில் ஒன்று. அவற்றில் ஒரு படிவம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முதல் விருப்பம் என்ற கட்டத்தில் பென்சிலால் 'வரலாறு' என்று எழுதி அழித்த தடம். அதன்மேல் நீல மையில், பெரியவர் எழுத்தில், வேறொரு பாடம். அடியில் போட்டிருந்த கையெழுத்து மட்டும் மாணவியுடையது. "நீ யோசிச்சுத்தான் போட்டியா?" என்று கேட்டேன். "அப்பா யோசிச்சுட்டார் மிஸ்" என்றாள். கோபமோ வருத்தமோ இல்லாமல், மணி கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. என் மகனுக்குப் புத்தகப் பையின் நிறத்திலிருந்து நீச்சல் வகுப்பு வரை நான்தான் முடிவு செய்தேன். அப்புறம் பதினாறு வயதில் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உனக்கு என்னதான் பிடிக்கும், சொல்" என்றேன். திருதிருவென்று விழித்தான். நண்பன் எடுக்கும் பிரிவையே தானும் எடுப்பதாகச் சொன்னான். பையனுக்குப் பொறுப்பே இல்லை என்று அன்று திட்டினேன். அதுவரை எதையும் தேர்ந்தெடுத்துப் பழகாதவன் வேறென்ன சொல்வான் என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது.

அயர்லாந்துப் பள்ளிகளில் 1974 முதல் 'இடைமாற்ற ஆண்டு' என்று ஒன்று உண்டு. பதினைந்து, பதினாறு வயதில், இரண்டு பெரிய பொதுத்தேர்வுப் படிப்புகளுக்கு நடுவில் வரும் ஒரு வருடம். அதற்கென்று பொதுத்தேர்வு கிடையாது. பிள்ளைகள் சில வாரங்கள் ஏதாவது ஒரு வேலையிடத்தில் இருந்து பார்க்கிறார்கள், நாடகம் போடுகிறார்கள், இதுவரை தொடாத பாடத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். தென் கொரியாவில் 2016 முதல் எல்லா நடுநிலைப் பள்ளிகளிலும் ஒரு பருவம் எழுத்துத்தேர்வு இல்லாமல் இதேபோல நடக்கிறது. தேர்வுக்குப் பேர்போன நாடு அது! பின்லாந்தில் தொழிற்கல்விப் பக்கம் போன மாணவருக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்தே இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. திரும்பி வர வழி இருந்தால்தான் பிள்ளை துணிந்து ஒரு பக்கம் போவான், பெற்றோரும் பயப்படாமல் விடுவார்கள்.

அதற்காக, "உன் இஷ்டம்" என்று மொத்தத்தையும் பிள்ளை தலையில் போட்டுவிட்டு நகர்வதையும் நான் ஏற்கவில்லை. சில வீடுகளில் அதுவும் நடக்கிறது, சுதந்திரம் என்ற பெயரில். 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, குழந்தையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரவேண்டும் என்கிறது. பத்து வயதில் ஒரு செயல்திட்டத் தலைப்பு, பன்னிரண்டில் ஒரு கலை வகுப்பு, பிடிக்கவில்லை என்றால் பருவ முடிவில் விட்டுவிட அனுமதி. இப்படிச் சின்ன விஷயங்களில் தப்பாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்த பிள்ளைக்குத்தான் பெரிய படிவம் கைக்கு வரும்போது பென்சில் நடுங்காது. இதற்குத் தனிப் பாடவேளைகூட வேண்டாம். ஆசிரியரும் பெற்றோரும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பொருளில் கட்டுரை போடும்போது, பதினாறு வயதுக்காரர்கள் நாலு பேரிடமும் எழுதி வாங்கிப் போடுங்கள். பிழை இருந்தாலும் நீல மையில் திருத்தாமல்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்