காட்டுத்தீப் பாடத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றத்தையும் காட்டுத்தீயையும் சேர்த்து நடத்தி முடித்திருக்கிறோம். வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கவே முடியாது.

முதல் நன்றி எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணனுக்கு. ஒரு பலகை முழுக்கத் துளை போட்டு, ஒரே இடைவெளியில் தீக்குச்சிகளை நட்டுக் கொடுத்தார். பக்கத்திலேயே மணலும் தண்ணீர் வாளியும் தயார். பலகை சமமாக இருந்தபோது முதல் வரிசையோடு தீ அடங்கிவிட்டது. ஒரு பக்கம் தூக்கி வைத்ததும் கீழ் வரிசைச் சுடர் மேலே சாய்ந்து, அடுத்த குச்சிகளைச் சூடாக்கி, சடசடவென்று உச்சிக்கு ஏறிவிட்டது. சரிவு 10 டிகிரி கூடினால் தீ மேலேறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பவர்களின் கணக்கு. அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, வானிலைப் பேராசிரியர் அம்மாவுக்கு. "வெயில் கூடினால் காடு தானாகப் பற்றிக்கொள்ளுமா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். பற்றவைப்பது பெரும்பாலும் மனிதர்களும் மின்னலும்தான் என்று அவர் தெளிவாகச் சொன்னார். வெப்பத்தின் வேலை வேறு. 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியை ஏந்தும். மழையில்லாத நாட்களில் அந்த ஈரத்தைச் செடியிலிருந்தும் சருகிலிருந்தும் மண்ணிலிருந்தும் உறிஞ்சிவிடும். அப்புறம் ஒரு பொறி போதும். 2023-இல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்ததையும், அந்தப் புகையில் நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானதையும் படங்களோடு காட்டினார். காற்று, தேங்கிக் கிடக்கும் சருகு, மனித அலட்சியம் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வனத்துறையிலிருந்து வந்த ஐயா, சருகை ஒதுக்கி வெறும் மண் தெரியும்வரை சுரண்டித் தீத்தடுப்புக் கோடு போடுவதைச் செய்தே காட்டினார். எல்லாத் தீயும் காட்டுக்கு எதிரி இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். சில பைன் மரங்களின் கூம்புகள் தீயின் சூட்டில்தான் திறந்து விதையை உதிர்க்கின்றன. ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இதமான பருவத்தில் சிறு தீ வைத்துக் காட்டைப் பேணிவந்திருக்கிறார்கள்.

அனுமதி தந்த தலைமையாசிரியருக்கும், நம்பி அனுப்பிய பெற்றோருக்கும் நன்றி.

கடைசி நாளில் ஒரு மாணவி, "எல்லாம் கைமீறிப் போயிடுச்சா?" என்று கேட்டாள். ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஐயா பொய்யாகத் தேற்றவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. புவி வெப்பம் கூடுவதில் ஒவ்வொரு 0.1 டிகிரியைத் தடுத்தாலும் பலன் உண்டு என்று சொல்லி, அவளோடு உட்கார்ந்து விளக்கினார். ஐயா, அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு நன்றி.

பிள்ளைகளின் மீதிக் கேள்விகளை இத்துடன் அனுப்புகிறேன். பனிக்காலம் முழுக்க மண்ணுக்கடியில் கனன்று, பனி உருகியதும் மறுபடி கிளம்பும் தீயைப் பற்றித்தான் நிறைய கேட்டிருக்கிறார்கள். நேரம் கிடைக்கும்போது பதில் எழுதுங்கள். வகுப்பில் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அறிவியல் ஆசிரியை