கடையை மூடிய மகனுக்கு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ கடையை மூடிவிட்டதை உன் அத்தை மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்காகக் கோபம் இல்லை. கடன்கூடப் பெரிதில்லை. கூட்டாளியோடு நீ பேசுவதே இல்லை என்கிறார்களே, அதுதான் உறுத்துகிறது. அவன் திவால் என்று மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டான், நீ கொடுக்க மறுக்கிறாய், அதனால் பகையாமே?

போன ஆண்டு கான்சாஸ் சிட்டிக்கு வந்திருந்தபோது, பக்கத்து ஊரான இன்டிபென்டன்ஸில், அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஹாரி ட்ரூமன் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போனாய். அவருடைய தொப்பியும் கோட்டும் இன்றும் கொக்கியில் தொங்குகின்றன. ஊர் திரும்பியதும் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நாற்பது ஆண்டு ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவனுக்கு வெள்ளை மாளிகையைவிட அவருடைய சட்டைக்கடைதான் பெரிதாகத் தெரிந்தது.

1917-ல், முதல் உலகப் போரின்போது, ஓக்லஹோமா முகாமில் வீரர்களுக்காக ஒரு கேன்டீன் நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. உதவிக்கு எடி ஜேக்கப்சன் என்ற யூத நண்பரைச் சேர்த்துக்கொண்டார். ஆளுக்கு 2 டாலர் வசூலித்துத் தொடங்கிய கேன்டீன் நல்ல லாபம் பார்த்தது. மறு ஆண்டு பிரான்சில் பீரங்கிப் படைப்பிரிவுக்குக் கேப்டன் ஆனார். ஓர் இரவு ஜெர்மானியக் குண்டுகள் விழுந்ததும் அவருடைய ஆட்கள் சிதறி ஓடினார்கள். இவர் நின்ற இடத்திலேயே நின்று, வாயில் வந்தபடி வைது அவர்களைத் திரும்ப வரவழைத்தார். பிற்காலத்தில் அவர் கடைக்கு வந்ததும் தேர்தலில் உழைத்ததும் அதே ஆட்கள்தான்.

1919 நவம்பரில் கான்சாஸ் சிட்டி 12-ஆம் தெருவில் ட்ரூமனும் ஜேக்கப்சனும் கடை திறந்தார்கள். சட்டை, டை, கையுறை, தொப்பி. போர்க்கால விலையில் சரக்கு வாங்கி அடுக்கிவிட்டார்கள். அடுத்து வியாபார மந்தம் வந்தது. தானிய விலை விழுந்தது, வாங்க ஆள் இல்லை. மழை பெய்து கெட்ட தீபாவளிக்குப் பிறகு அலமாரியில் சரக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விலைச்சீட்டு பழைய விலையையே சொல்லிக்கொண்டிருக்கும். 1922-ல் கடையை மூடினார்கள். ட்ரூமனுக்கு அப்போது 38 வயது, மாமியார் வீட்டில் குடியிருந்தார்.

ஜேக்கப்சன் 1925-ல் திவால் மனு கொடுத்தார். ட்ரூமன் கொடுக்கவில்லை. கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிக்கப் பதினைந்து ஆண்டு போல ஆயிற்று. இதைப் படித்தபோது உன் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் இருவருக்கும் நட்பு முறியவில்லை, மகனே. நண்பர் மனு கொடுத்ததை ட்ரூமன் துரோகமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அரசியல். மாவட்ட நிர்வாகப் பதவி, 1924-ல் தோல்வி, மறுபடி வெற்றி, சாலைகள் போட்டது, 1934-ல் செனட். அவரை ஏற்றிவிட்ட, கான்சாஸ் சிட்டி அரசியலைக் கையில் வைத்திருந்த பெண்டர்காஸ்ட் கூட்டம் ஊழலுக்குப் பேர்போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை. 1945-ல் ஜனாதிபதியாகி ஹிரோஷிமாவில் குண்டு போடச் செய்தார். அதை என்னால் எந்தக் கணக்கிலும் ஒப்புக்கொள்ள முடியாது. படையில் கறுப்பினத்தாரைப் பிரித்துவைத்த வழக்கத்தை ஒழிக்க 1948-ல் உத்தரவு போட்டவரும் அவர்தான். ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன.

அதே 1948 மார்ச்சில், யூதர்களுக்குத் தனி நாடு அமைவது குறித்துப் பேச யாரையும் பார்க்க மாட்டேன் என்று அவர் கோபமாக இருந்தபோது, வெள்ளை மாளிகைக்குள் போய் அவரிடம் மன்றாடியது யார் தெரியுமா? மூடிப்போன கடையின் கூட்டாளி ஜேக்கப்சன். ஜனாதிபதி அவர் சொன்னதைக் கேட்டார். பிறகு இஸ்ரேலை அவர் அங்கீகரித்த முடிவைப் பற்றி ஆயிரம் வாதம் உண்டு. நான் பார்த்தது அந்த அறைக்குள் ஜேக்கப்சனால் போக முடிந்ததை.

நீ உன் கடனைக் கட்டு. என் கையில் இருப்பதை அனுப்புகிறேன், மறுக்காதே. அவன் கட்டாதது அவன் பாடு. அவனுக்கு இரண்டு சிறு பிள்ளைகள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போ. கணக்கு நோட்டை எடுத்துப் போகாதே. அம்மா அனுப்பிய பருப்புப்பொடியில் பாதியை அவன் மனைவியிடம் கொடு. நாங்கள் அங்கிருந்தபோதே அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாள்.

அன்புடன்,
அப்பா