புஷிமி இனாரிக்குப் போகும் முன்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கியோட்டோவில் புஷிமி இனாரி கோயிலுக்குப் போகிறேன் என்றாய். படம் எடுத்துக்கொள், தப்பில்லை. ஆனால் கும்பிடும் முறையும் தெரிந்துகொண்டு போ கண்ணு.

முதல் தோரியில், அதாவது கோயிலின் தூண் வாசலில், லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு, பாதையின் ஓரமாக நட. நடுப்பாதை தெய்வத்துக்கு உரியது என்பார்கள்.

கை கழுவும் தொட்டியில்தான் பலர் தடுமாறுவார்கள். அகப்பையை வலக்கையில் எடுத்து நிறைய மொண்டுகொள். முதலில் இடக்கையைக் கழுவு, கை மாற்றி வலக்கையையும் கழுவு. திரும்ப வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளி. அகப்பையில் வாய் வைக்காதே, தொட்டிக்குள் துப்பாதே. மறுபடி இடக்கையைக் கழுவிவிட்டு அகப்பையை நிமிர்த்திப் பிடி. மிச்ச நீர் காம்பில் வழிந்து நீ பிடித்த இடத்தையும் கழுவிவிடும். அடுத்து எடுப்பவருக்குக் காட்டும் மரியாதை அது. எல்லாமே ஒரு முறை மொண்ட நீரில் முடியவேண்டும். முதல் கைக்கே தாராளமாக ஊற்றினால் காம்புக்கு மிஞ்சாது. கொரோனாவுக்குப் பிறகு பல கோயில்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். அங்கே வழியும் நீரில் இதே வரிசையில் கழுவினால் போதும்.

சன்னதியில் காசை மெதுவாகப் பெட்டியில் போட்டு, மணியை ஆட்டு. இரண்டு முறை நன்றாகக் குனிந்து, இரண்டு முறை கை தட்டி, வேண்டிக்கொண்டு, மறுபடி ஒரு முறை குனி. இசுமோ தாய்ஷா என்ற இன்னொரு கோயிலில் நான்கு முறை தட்டுவார்கள். புத்தர் கோயிலில் தட்டவே கூடாது. கை கூப்பினால் போதும்.

அங்கே எங்கு பார்த்தாலும் நரிச் சிலைகள் இருக்கும். நரியைத் தெய்வம் என்று நினைத்துவிடாதே, அது தூதுதான். இனாரி நெல்லையும் வியாபாரத்தையும் காக்கும் தெய்வம். அதனால்தான் சில நரிகள் வாயில் நெற்கதிரையும் சில களஞ்சியச் சாவியையும் கவ்வியிருக்கின்றன.

மலை 233 மீட்டர்தான். சுற்றி வர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வழியில் வரும் யோட்சுட்சுஜி என்ற பாதைச் சந்திப்போடு பலர் திரும்பிவிடுவார்கள். நீ மேலே போ, கூட்டம் குறையும். இறங்கும்போது வழியெங்கும் நிற்கும் தோரித் தூண்களைப் பார்: காணிக்கை கொடுத்தவர் பெயரும் தேதியும் பின்புறம்தான் எழுதியிருக்கும்.

கூட வரும் தோழி வாசலிலேயே நின்றுவிட்டால் வற்புறுத்தாதே. வீட்டில் சாவு நடந்திருந்தால் பொதுவாக 50 நாள் ஷின்டோ (ஜப்பானியரின் பூர்வீக மதம்) கோயிலுக்குள் வரமாட்டார்கள். தீட்டு நமக்குத் தெரியாததா?

கோயிலுக்கு வந்ததன் அடையாளமாகத் தரும் கோஷுயின் முத்திரை வாங்குவதானால் கும்பிட்ட பிறகு வாங்கு. அதற்கென்றே விற்கும் மடிப்பு நோட்டைத்தான் நீட்டவேண்டும். சில்லறையாக 500 யென் கையில் வைத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா