வேலி ஏறிய இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

"ராணுவமே தெருவில் இறங்கிவிட்டால் சாதாரண ஆள் என்னப்பா செய்ய முடியும்?" என்று போனில் கேட்டாய். சட்டென்று பதில் வராமல் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு நாளாக அதே நினைப்புதான்.

2024 டிசம்பர் 3 இரவு, பத்தரை மணி வாக்கில், தென்கொரிய அதிபர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் வந்து ராணுவச் சட்டம் அறிவித்தார். அரசியல் நடவடிக்கைகளுக்குத் தடை, பத்திரிகைகள் ராணுவத்தின் பிடியில். ஆனால் நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையினர் கேட்டால் அதிபர் அதை விலக்கியே ஆகவேண்டும் என்று அவர்கள் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அப்படியானால் 300 உறுப்பினர்களில் 151 பேர் எப்படியாவது உள்ளே போயாக வேண்டும். வாசலில் போலீஸ், வானில் ஹெலிகாப்டர். பலர் வேலி ஏறிக் குதித்தார்கள். அறுபதைத் தாண்டிய சபாநாயகரும் ஏறினார்! உள்ளே உதவியாளர்கள் மேசை நாற்காலிகளைக் குவித்துக் கதவை அடைத்தார்கள். வெளியே, செய்தி கேட்டு ஓடிவந்த ஜனங்கள் ராணுவ வண்டிகளை மறித்து நின்றார்கள். படையை அவர்களால் ஜெயிக்க முடியாது. கொஞ்ச நேரம் தாமதப்படுத்தினார்கள், அவ்வளவுதான். அந்த நேரம் போதுமானதாக இருந்தது. ஒரு மணிக்கு உள்ளே இருந்த 190 பேரும் ஒரே குரலில் வாக்களித்தார்கள். விடிவதற்குள் ராணுவச் சட்டம் போயிற்று. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியலமைப்பு நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளிக்க, அதிபரும் போனார்.

சரி, எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. 1933 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றம் தன் அதிகாரத்தை 444க்கு 94 என்று வாக்கெடுத்தே ஹிட்லர் அரசிடம் கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அதற்குள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். மற்றபடி வெளிப்பார்வைக்கு எல்லாம் முறைப்படி. அப்படி வரும்போது எந்த வேலியில் ஏறுவது?

அப்புறம் நம் நாட்டையே பார். நெருக்கடி நிலை 1975இல், அரசியலமைப்பில் இருந்த "உள்நாட்டுக் குழப்பம்" என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தது. 1977 தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றினார்கள். புதிய அரசு 44ஆவது திருத்தத்தில் அந்தச் சொற்களை நீக்கி "ஆயுதக் கிளர்ச்சி" என்று இறுக்கியது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வரவேண்டும் என்றும் சேர்த்தது. வறண்ட சங்கதிதான், தெரியும்.

அடுத்த தடவை "திருத்த மசோதா" என்று செய்தி வந்தால் தள்ளிவிடாமல் படி. புரியவில்லையா, போன் பண்ணு. எனக்கும் பாதி புரியாது, சேர்ந்து படிக்கலாம்.

அன்புடன்,
அப்பா